மூன்றாங்கட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது: வெளியூர்ப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், தம்பிமார், ஆச்சிமார் எல்லோருக்கும்,

முன்னோருக்குப் படைக்க எல்லோரும் கூடுகிற படைப்புக்குப் போன முறை வந்தவர்களுக்கு நினைவிருக்கும். சமையலுக்குப் பெரிய அண்டா வேண்டுமென்று மூன்றாங்கட்டு அறையைத் திறக்கப் போனோம். பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சாவியை நுழைத்து இழுத்ததும் பூட்டோடு கொக்கியும் சேர்ந்து கையில் வந்தது. யாரோ கொக்கியைப் பெயர்த்து, வேலை முடிந்ததும் மறுபடி அதே ஓட்டையில் செருகி வைத்திருந்தார்கள். உள்ளே இரண்டு அண்டா, நாலு தவலை, ஒரு ஜோடிக் குத்துவிளக்கு, ஒரு பெட்டி மங்குச் சாமான் இல்லை. எப்போது போனது? தெரியாது. அந்த அறையைக் கடைசியாகத் திறந்தது முந்தின படைப்பில்.

பந்தி முடிந்து வளவில், நடு முற்றத்தில், உட்கார்ந்து பேசினோம். ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று கேட்டேன். "வேண்டாம்ப்பா, ஊர் சிரிக்கும்" என்றார் ஒரு அண்ணன். "யார் மேல சந்தேகம்னு கேப்பாங்க, யாரைச் சொல்றது?" என்றார் இன்னொருவர். பங்கு வழக்கு ஓடுகிற நேரத்தில் போலீஸ் வேறயா என்பது மூன்றாவது குரல். சரி என்று நானும் விட்டுவிட்டேன். ஊரோடு இருக்கிற ஒரே பங்காளி நான்தான். தப்பு என்னுடையதும்தான்.

நாலு மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். இந்த முறை பாத்திரம் இல்லை. இரண்டாங்கட்டு நிலைக்கு மேலே இருந்த கஜலட்சுமிப் பலகையை அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். அது பர்மாத் தேக்கு. ரம்பம் வைத்து அறுக்க ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். மரத்தூள் தரையில் குவிந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு வாழைப்பழத் தோல். சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு வேலை பார்த்திருக்கிறார்கள். புகார் கொடுக்காத வீடு என்று ஒரு முறை தெரிந்துகொண்டவனுக்கு என்ன அவசரம்?

இதைக் குடும்பக் கடிதமாக எழுதாமல் ஊர் பார்க்க எழுதுவதற்குக் காரணம், நம் வீட்டுக் கதை நம் வீட்டோடு நிற்கவில்லை என்பதுதான். செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எங்கே பேச்சுக் கொடுத்தாலும் "எங்க வீட்டிலயும்தான், வெளியே சொல்லலை" என்று மெதுவாக ஒரு குரல் வருகிறது.

நம் வீடுகளின் அமைப்பை ஒரு முறை திருடன் கண்ணால் பாருங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். கல்யாணத்துக்கும் திதிக்கும் வசதி என்று ஐயா காலத்தில் கட்டியது. முகப்புக் கதவுக்கு முழநீளச் சாவியும் இரும்புத் தாழும் போட்டிருக்கிறோம். கொல்லைக் கதவுக்குப் போட்டிருப்பது கடைத்தெருவில் வாங்கிய பூட்டு. சி.சி.டி.வி. கேமராவையும் முகப்பில்தான் மாட்டினோம், ரீல்ஸ் எடுக்க வருகிறவர்களைப் படம் பிடிக்க! திருடன் பின் தெருவில் வந்து, மதில் ஏறி, நாலு நாட்டு ஓடுகளைத் தள்ளிவிட்டு இறங்கினால் நேரே வளவு. அந்த வளவுக்கு மேலே இரும்பு வலை போட வேண்டுமென்று மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் மதிப்பீடு கேட்கும் கட்டத்தில்தான் இருக்கிறது.

ஆள் இல்லை என்று ஊருக்குச் சொல்வது பூட்டு இல்லை, வாசல். கோலம் இல்லாத வாசல், கேட்டில் செருகிய துண்டு நோட்டீஸ்கள், பகலிலும் எரிகிற வெளி விளக்கு. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கிற நாட்களில் நம் தெருக்களில் பாதி வீடு இப்படித்தான் நிற்கும். அதற்கும் மேல் நாமே வாட்ஸாப் ஸ்டேட்டஸில் "குன்றக்குடி வந்தாச்சு" என்று குடும்பப் படம் போடுகிறோம். திரும்பி வந்து போடுங்களேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன் ஸ்டேஷனில் ஒரு தாள் எழுதிக் கொடுக்கலாம். எத்தனை நாள், சாவி யாரிடம், எந்த எண்ணில் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். இரவு ரோந்து வருகிற காவலர் அந்த வீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். ரோந்து வந்ததற்கு அடையாளமாகக் காவலர்கள் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன காலத்திலிருந்தே இருக்கிற வழக்கம்தான். நாம்தான் கேட்பதில்லை.

பலகை போன மறுநாள் நான் தனியாகப் போய்ப் புகார் கொடுத்தேன். வீட்டில் பங்குள்ள பதினோரு புள்ளியும், அதாவது பதினோரு குடும்பமும், கையெழுத்துப் போட வேண்டியதில்லை, ஒரு பங்காளி போதும். சொல்லப்போனால் பங்காளியாகக்கூட இருக்க வேண்டியதில்லை, விஷயம் தெரிந்த யார் வேண்டுமானாலும் சொல்லலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் பதிவாகிவிடும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். ஆகவே சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்கள் "நாங்க எங்கே அலையறது" என்று இனிமேல் என்னிடம் சொல்லாதீர்கள்.

புகாரை வாங்கியவர் மரியாதையாகத்தான் பேசினார். எல்லாம் எழுதிக்கொண்டு, கடைசியில் ஒன்று கேட்டார். "ஐயா, போன பொருளுக்கு போட்டோ இருக்கா?"

இல்லை. நூறு வருடத்துக்கு மேல் அந்த நிலைக்குக் கீழே குனிந்து போய்வந்த குடும்பம். கஜலட்சுமிக்கு இரண்டு பக்கமும் யானை என்பதைத் தவிர என்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தும்பிக்கை மேலே தூக்கியிருந்ததா, கலசம் பிடித்திருந்ததா? வீட்டுக்கு வந்து அப்பத்தா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இதில்தான் அதிக வருத்தம். சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று கணக்கைத் தம்பிடி பிசகாமல் எழுதிய வம்சம் நாம். கல்யாணத்தில் சாமான் பரப்பினால் கரண்டி முதற்கொண்டு எண்ணி ஏட்டில் எழுதுவோம். அந்தக் காலத்துப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் விலாசம் வெட்டியிருக்கும், ஐயா பெயருக்கும் அப்பச்சி பெயருக்கும் முதல் எழுத்துகள். திருட்டுப் பொருளை அடையாளம் காட்ட இதைவிட நல்ல வழி இன்றைக்கும் கிடையாது. அப்படி இருந்த நாம், இப்போது வீட்டில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியல்கூட இல்லாமல் பூட்டை மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

பழம்பொருள் கடைகளைத் திட்டி ஒன்றும் ஆகாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அடுக்கியிருக்கிற பொருள்களில் நாமே பங்கு பிரித்து விற்றவை எத்தனை என்று நமக்கே தெரியும். விற்றதா, திருடியதா என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? போன பொருளின் படம் ஒன்று தெருவில் இருந்தால் தெரியும். அது இருந்தும் வாங்கினால் அவரைக் கேள்வி கேட்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூறு வருடம் தாண்டிய சிற்ப வேலைப்பாட்டை 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. உலகம் பட்டியல் போட்டுவிட்டது, நாம்தான் பாக்கி.

அடுத்தது காவல்காரர். நம் வீட்டில் ஏதாவது காணவில்லை என்றால் முதல் பார்வை அவர்மேலும் வேலை பார்க்கிற அம்மாள்மேலும்தான் விழுகிறது. அன்றைக்கு வளவில் என் காதுபடவே ஒருவர் சொன்னார். காவல்காரர் சம்பளத்துக்குப் பதினோரு புள்ளியும் பணம் போட வேண்டும், ஒழுங்காகப் போடுவது மூன்று பேர். எழுபது வயதில் இத்தனை பெரிய வீட்டை ஒரு டார்ச் லைட்டோடு சுற்றி வருகிறார். அதற்கு பேட்டரி என் காசு. அவர் மேல் சந்தேகப்படுவதற்கு முன் பாக்கியை அனுப்பி வையுங்கள்.

வீட்டுக்குள் தனியாக இருக்கிற ஆச்சிமாரைப் பற்றி இனி சொல்கிறேன். பித்தளை விளக்கைப் பளபளவென்று துலக்கித் தருகிறோம் என்று பகல் பதினோரு மணிக்கு இரண்டு பேர் வருவார்கள். விளக்கு உண்மையிலேயே பளபளக்கும். அப்புறம் வளையலைக் கேட்பார்கள், செயினைக் கேட்பார்கள். அவர்கள் கிண்ணத்தில் இருப்பது ராஜ திராவகம். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்தது, தங்கத்தைக் கரைக்கும். நகை திரும்பி வரும், எடை குறைந்திருக்கும். சில நேரம் மஞ்சள் தூள் போட்ட டப்பாவில் வைத்து மூடி, "அரை மணி கழிச்சுத் திறங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் நகையே இருக்காது. ரோட்டில் போகும்போது மஃப்டி போலீஸ் என்று சொல்லி, "முன்னால கலவரம், நகையைக் கழற்றிப் பேப்பரில் மடிச்சுக்குங்க" என்பவனும் இதே ஜாதிதான். மடித்துக் கொடுப்பதற்குள் பொட்டலம் மாறிவிடும், வீட்டில் பிரித்தால் கல். எந்தப் போலீஸும் ரோட்டில் நகையைக் கழற்றச் சொல்லாது. கல்யாணத் தாலியான கழுத்திருவை வீட்டுப் பெட்டகத்தில் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து வங்கி லாக்கருக்கு மாற்றுங்கள். 2022 தொடக்கத்திலிருந்து, திருட்டாலோ தீயாலோ வங்கி ஊழியர் மோசடியாலோ லாக்கர் பொருள் போனால் வருட வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நகை மதிப்புக்கு அது உறை போடக் காணாது, உண்மைதான். ஆனால் பெட்டகம் அதுவும் தராது.

இரிடியம் மோசடி பற்றி அதிகம் எழுத மாட்டேன். இரிடியம் இருக்கிற கோபுரக் கலசம் அரிசியை இழுக்கும், பழைய செம்புக்குக் கோடி ரூபாய் என்று யாராவது உங்கள் வீட்டுச் செம்பைத் தடவிப் பார்த்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இரிடியம் பிளாட்டினம் வகை உலோகம், அரிசியை இழுக்காது. அரிசியை இழுப்பது எலி ஒன்றுதான்.

எதிர்வீட்டு ஆச்சிக்கு நடந்ததைச் சொல்ல அவரிடமே அனுமதி வாங்கிவிட்டேன். வயது 74, பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள். ஒரு காலை வீடியோ அழைப்பு வந்தது. சீருடையில் ஒருவன். உங்கள் ஆதாரில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, முக்கியமாக யாரிடமும் சொல்லக் கூடாது. இரண்டு நாள் அந்தப் போனைப் பெட்டகத்தின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே சாப்பிட்டிருக்கிறார். மூன்றாம் நாள் வங்கிக்குப் போய் வைப்புத் தொகையை உடைத்து ஆறு லட்சம் அனுப்பினார். கவுண்ட்டரில் கேட்டபோது, அவன் சொல்லிக்கொடுத்தபடியே "வீட்டு மராமத்து" என்றாராம். 31 வருடம் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் நான். 74 வயதுக்காரர் முகம் வெளுத்து நின்றால் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

எங்களுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? ஒன்பது நாள் கழித்து, பால் ஊற்றுகிற அம்மாள் என்னிடம் வந்து, "ஆச்சி அரை லிட்டரைக் கால் லிட்டராக்கச் சொல்றாங்க, ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார். ஒன்பது நாள் ஆச்சி யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் திட்டுவார்கள், ஊர் சிரிக்கும். வளவில் நாம் சொன்ன அதே வார்த்தை.

டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 வானொலி உரையில் இதைச் சொன்னார். ஆனால் இந்தத் தகவலை விடப் பெரிய அடையாளம் ஒன்று இருக்கிறது. "யாரிடமும் சொல்லாதே" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். உண்மையான அதிகாரி சம்மன் கொடுப்பார், வக்கீலைக் கூட்டி வா என்பார். வாயை மூடச் சொல்ல மாட்டார்.

பணம் போய்விட்டால் 1930. வேறு எதையும் யோசிக்காமல் முதலில் அந்த எண். உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் பிரிவு 2021-ல் தொடங்கிய ஏற்பாடு இது. பரிவர்த்தனை எண்ணைச் சொன்னதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். அங்கிருந்து வேறு வங்கிக்குப் போயிருந்தால் தகவலும் பின்னாலேயே போகும். ஆனால் திருடன் பணத்தை நிமிடக் கணக்கில் கைமாற்றுகிறான். முதல் ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டால் பிடிக்க வாய்ப்பு உண்டு, ஒன்பது நாள் கழித்துக் கூப்பிட்டால் தேங்காய் மூடிதான் மிஞ்சும். ஆச்சி விஷயத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம். நம்பிக்கை ஊட்ட எனக்கு மனம் இல்லை. வங்கிக்கும் உடனே எழுத்தில் சொல்லுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறு இல்லாமல் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு உங்களுடையது இல்லை. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லிவிட்டிருந்தாலும்கூட, வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.

நம் வாட்ஸாப் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாணப் பத்திரிகை என்று ஏ.பி.கே. என முடிகிற கோப்பு வந்தால் தொடாதீர்கள். பத்திரிகை படமாக வரும், இல்லை பி.டி.எஃப். ஆக வரும், செயலியாக வராது. அதைத் தட்டினால் உங்கள் குறுஞ்செய்தியெல்லாம் அவன் படிப்பான், உங்கள் பெயரில் குழுவில் எல்லோருக்கும் அதையே அனுப்புவான். குழுவில் தெரிந்த பெயரில் யாராவது அவசரமாகப் பணம் கேட்டால், கூப்பிட்டு நம் பழைய கேள்விகளைக் கேளுங்கள்: எந்தக் கோயில்? எந்த ஊர்? யார் வீட்டுப் புள்ளி? ஓ.டி.பி. வருவதற்கு முன்பே நம் ஆயாமார் கண்டுபிடித்த சரிபார்ப்பு. பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க வந்தவரை அரை மணி நேரம் அப்படி விசாரித்துவிட்டுத்தான் என் ஆயா காபியே கொடுப்பார்.

பிள்ளைகளிடமும் பேசுங்கள். "உன் வங்கிக் கணக்கைக் கொடு, மாதம் அஞ்சாயிரம் தர்றேன்" என்று கல்லூரி வாசலிலேயே ஆள் பிடிக்கிறார்கள். ஆச்சியின் ஆறு லட்சம் போய் விழுந்ததும் அப்படி ஒரு பையனின் கணக்கில்தான். போலீஸ் முதலில் தட்டுவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அந்த வீட்டுக் கதவை. வெளிநாட்டில் கணினி வேலை, டிக்கெட் இலவசம் என்று தாய்லாந்துக்குக் கூட்டிப் போய் எல்லை தாண்டி மியான்மரில் அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2022-ல் மியாவாடியில் இப்படி மாட்டிய தமிழ்நாட்டுப் பையன்களை அரசு மீட்டு அழைத்து வந்தது. அங்கே அவர்களுக்குக் கொடுக்கிற வேலை, நம் ஆச்சிமாருக்குப் போன் போடுவது. நம் ஐயாக்கள் கப்பலேறி வட்டிக்கடை வைத்த அதே பர்மா.

சரி, எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். கொல்லைக் கதவுக்குப் புதுப் பூட்டும் வளவுக்கு வலையும் போட ஆள் சொல்லிவிட்டேன், செலவு பதினொன்றாகப் பிரியும், ரசீதை அனுப்புகிறேன். ஊரில் தனியாக இருக்கிற பெற்றோருக்கு ஒரு நாளைக்கு ஒரு முறையாவது பேசுங்கள். எது போனாலும் திட்ட மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதியோர் உதவி எண் 14567, அவசரத்துக்கு 112, இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வீட்டுப் பொருளுக்கு ஒரு பேரேடு வாங்கிவிட்டேன். வாரம் ஒரு அறையாகத் திறந்து, படம் எடுத்து, விலாசத்தோடு எழுதி வருகிறேன். முதல் பக்கத்தில் போன அண்டா இரண்டும் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பங்களை இறக்கிப் பாருங்கள். நம் வீட்டில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இரண்டாங்கட்டு நிலைக்குக் கீழே நிறுத்தித்தான் படம் எடுப்பார்கள். தலைக்கு மேலே பலகை தெரிகிற மாதிரி ஒரு படம் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். ஸ்டேஷனில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஊரோடு இருக்கிற பங்காளி